உப்பளப் பாதையில் ஒரு டூ நைன்

அந்த இரண்டு பெண்களும் மோதிய ஓட்டப் பந்தயங்கள் ஒன்பது. அவற்றில் இரத்தம் வராமல் முடிந்தவை மூன்று.

இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. ஒவ்வொரு பந்தயத்தையும் மறுநாள் காலை எட்டு மணிக்குள் நோட்டில் எழுதிவிடுவேன். என்ன கிழமை, காற்று எந்தப் பக்கம், முதல் சுற்று எத்தனை நொடி, யார் யாரை எங்கே இடித்தது, எல்லாம் இருக்கும். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது என் வேலை. ஊர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறவன் பந்தயத்துக்கும் பார்ப்பான். திருவிழா ஓட்டம், பள்ளிக்கூட விளையாட்டு விழா, தலைவர் பிறந்தநாள் ஓட்டம், எதுவானாலும் ஸ்டாப் வாட்ச் என் கைக்கு வந்துவிடும். எப்படிப் பிடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு பேரில் ஒருத்தி உப்பளத்துப் பெண். உப்பு வாருகிற குடும்பம். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். இன்னொருத்தி கடற்கரைக் குப்பத்துப் பெண். அவளை ஓட வைத்தவர் தாய்மாமன், விசைப்படகுக்குப் போகிறவர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே தூரம்: எண்ணூறு மீட்டர். மாநிலத்தில் அந்த ஓட்டத்துக்கு முதல் ஐந்து பெயர்களை எழுதினால் இரண்டு பெயர் எங்கள் ஊருடையதாக இருக்கும். இருவருமே தேசியப் போட்டி வரை போனவர்கள்.

எண்ணூறு மீட்டர் என்பது மைதானத்தில் இரண்டு சுற்று. முதல் வளைவு வரை அவரவர் தடத்தில் ஓட வேண்டும். வளைவு முடிகிற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டியதும் எட்டுப் பேரும் உள்பக்கத் தடத்துக்குப் பாய்வார்கள். ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குள் எட்டு உடம்புகள் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும். ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணி கெண்டைக்காலில் இறங்குவதும் முழங்கை விலாவில் ஏறுவதும் அங்கேதான். டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது கூட்டமாக ஓடுவது போலத் தெரியும். பக்கத்தில் நின்றால் அடி விழுகிற சத்தம் கேட்கும்.

உப்பளத்துப் பெண் முன்னால் போய்க் கொல்கிறவள். முதல் சுற்றை அறுபத்திரண்டு நொடியில் முடித்து, பின்னால் வருகிறவர்களின் மூச்சைப் பிடுங்கிவிட்டு, கடைசி நூறு மீட்டரில் தானும் செத்துச் செத்து வருவாள். குப்பத்துப் பெண் காத்திருந்து அடிக்கிறவள். முன்னால் ஓடுகிறவளின் பிடரியில் தன் மூச்சு படுகிற தூரத்தில் ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி நூற்றைம்பதில் பாய்வாள். ஒருத்தியின் பாதம் உப்புத்தண்ணீரில் நின்று வெடித்து, வெடித்த இடமெல்லாம் காய்த்துப்போனது. இன்னொருத்தியின் கெண்டைக்கால் மணலில் ஓடி ஓடிக் கல்லாகியிருந்தது. ஒன்பதில் உப்பளத்துப் பெண் ஜெயித்தது ஐந்து, குப்பத்துப் பெண் நான்கு. உப்பளத்துப் பெண்ணின் சிறந்த நேரம் இரண்டு நிமிடம் பத்து புள்ளி ஒன்பது. சென்னையில் மின்சாரக் கடிகாரத்தில் பதிவானது. குப்பத்துப் பெண்ணுக்கு இரண்டு நிமிடம் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம். எண்ணூறில் ஒரு நொடி என்பது ஏறக்குறைய ஆறு மீட்டர்.

நான்காவது பந்தயத்தில் குப்பத்துப் பெண்ணின் ஆணி உப்பளத்துப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குக் கிழித்தது. கிழிபட்டவள் நிற்காமல் ஓடி முடித்து, ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். இரத்தம் கொட்டியது. ஆறாவது பந்தயத்தில் பதிலுக்கு அவள் குப்பத்துப் பெண்ணை உள் விளிம்போடு நெருக்கித் தள்ளினாள். கீழே விழுந்தவளின் இடுப்புத் தோல் சிவப்பு ரப்பர்த் தரையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று மைதானத்துக்கு வெளியே வேன் கண்ணாடிகள் உடைந்தன. அண்ணனும் மாமனும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இதைப் பார்த்துக்கொண்டே ஒரே பாட்டிலை இங்கும் அங்கும் உருட்டி மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன். ஒரே நாட்டைச் சேர்ந்த இரண்டு ஓட்டக்காரர்கள், நேருக்கு நேர் ஓடாமலே, சில நாள் இடைவெளியில் ஒருவர் சாதனையை மற்றவர் உடைத்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எதிரில் ஆளே இல்லாமல் ஒரு எண்ணை மட்டும் துரத்த முடியுமா என்று வியந்தேன். முடியும் என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் வேலையில்லாமல், உடம்பில் வலு குறையாமல் இருக்கிற நாட்கள். கபடி நடக்கும், கிரிக்கெட் நடக்கும், ஒன்றுமே நடக்காவிட்டால் அடிதடி நடக்கும். போன வருஷம் அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். உப்பளங்களுக்கு நடுவில் கழுவெளி ஏரிப் பக்கமிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு மண் பாதை நேராக வருகிறது. எண்ணூறு மீட்டரையும் வளைவே இல்லாமல் ஓடலாம். உப்பளத்துப் பெண்ணையும் கூப்பிட்டார்கள். அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "சீசன் நேரத்துல உப்பு வாருவோமா, குப்பத்துக்காரன் வைக்கிற ரேஸ்ல ஓடுவோமா?"

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மாலை. காற்று ஓடுகிறவர்களின் முதுகில். அந்தக் கோடியில் வெடி வைத்துத் தொடக்கம். மாமனே திரியைக் கொளுத்தினார். இந்தக் கோடியில், ரோட்டோரம், வாட்சோடு நான். உப்பின் வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசியது. தலையைக் குனிந்து, கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்திருந்தேன். எனக்கு அதுதான் பழக்கம். பஸ் ஸ்டாண்டில் நான் தலை தூக்குவதில்லை. கண்டக்டரின் விசில் கேட்டதும் பேனா தானாக எழுதும். வெடிச் சத்தம் கேட்டது. அழுத்தினேன்.

குப்பத்துப் பெண் தனியாக வந்தாள். பின்னால் வந்த பெண்கள் ஐம்பது மீட்டருக்கு அப்பால். கயிற்றைத் தாண்டியதும் முகம் குப்புற விழுந்து, உப்பு மண்ணிலேயே வாந்தி எடுத்தாள். வாட்சைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஒன்பது நொடி, அதற்கு மேல் பத்தில் இரண்டு. இன்னொரு தடவை பார்த்தேன். உரக்கப் படித்தேன்.

அன்றோடு அந்த நேரத்துக்கு ஒரு பெயர் வந்துவிட்டது: டூ நைன்.

மறுவாரமே பாதை மெயின் ரோட்டோடு சேருகிற இடத்தில், உப்பளத்துக்காரர்கள் தினமும் கடக்கிற இடமாகப் பார்த்து, குப்பத்து இளைஞர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவள் படம், கீழே ஆள் உயரத்துக்கு 2:09.2. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், நேரம் பிடித்தவர் டைம் கீப்பர் என்று போட்டிருந்தார்கள். உப்பு வாரிவிட்டு வருகிற பெண்கள் அதைத் தாண்டிப் போகும்போது பைக்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள்.

"ஏய், டூ நைன்! இன்னா, ஸ்லோவா போறீங்க?"

"அது டூ டென்னுப்பா. அதுக்கு மேல வண்டி போவாது."

உப்பளத்துப் பெண்ணும் அந்த வரிசையில் நடந்துகொண்டிருப்பாள். வீட்டுச் சுவரில் அண்ணன் கரியால் 2:09 என்று எழுதி வைத்தான். காலையில் உப்பு வேலைக்கு முன்னால் ஒரு பயிற்சி, மாலையில் ஒரு பயிற்சி. நானூறு மீட்டரை அறுபத்து நான்கு நொடிக்குள் ஆறு தடவை. அவன் பைக்கில் பின்னாலேயே வந்து ஹாரனை அழுத்துவான். வேகம் குறைந்தால் மூங்கில் குச்சியால் அவள் குதிகாலை ஒட்டித் தரையில் அடிப்பான். சில தடவை அது தரையில் விழவில்லை. மாநிலத் தேர்வுப் போட்டிக்கு நான்கு வாரம் இருந்தது. முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். டூ நைனை முந்தினால்தான் இடம் என்று அண்ணனும் தங்கையும் நம்பினார்கள். நம்பச் சொன்னது என் வாட்ச்.

இரண்டாவது வாரத்தில் அவள் கால் எலும்பின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது. ஓடாதபோதும் வலித்தது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, அதன் மேலேயே துணியைச் சுற்றிக் கட்டி ஓடினாள். நொண்டுகிறாளே என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என் ஜன்னலுக்கு வந்து கேட்டான். "அண்ணா, அந்தப் பாதை எண்ணூறு தானா? எழுநூத்து எண்பது இருந்தா?"

"அளந்துட்டா போச்சு."

"அளந்து, இல்லைன்னா?"

"இல்லைன்னு எழுதுவேன்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு, சர்வேக்காரரிடம் இரவல் வாங்கிய டேப்பை வைத்து அளந்தோம். ரோட்டுக் கோடியில் தொடங்கி அந்தக் கோடியில் முடித்தோம். எண்ணூறுக்கு மேல் அரை மீட்டர் இருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. "இன்னொரு தடவை" என்றான். அவனும் அவன் நண்பர்கள் இருவரும் கழுவெளிக் கோடியிலேயே நிற்க, நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக் கோடிக்கு நடந்து வந்தேன். போகும்போது கண் டேப்பிலேயே இருந்தது; வரும்போதுதான் பார்த்தேன்: ஃப்ளெக்ஸ் கிழிந்து தொங்கியது. அவள் முகத்தில் கத்தியால் கீறியிருந்தார்கள். யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. குப்பத்துக்காரர்கள் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை. கழுவெளிப் பக்கமாகச் சுற்றி அந்தக் கோடியில் நான்கு பைக்குகள் வந்து நின்றன.

எண்ணூறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறேன். ஆட்கள் விரல் நீளம்தான் தெரிகிறார்கள். ஆனால் உப்பளத்தில் மறைக்க ஒன்றுமில்லை, எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஒருவன் துடுப்பைத் தூக்கினான். அண்ணனின் தோளில் அது இறங்கியது. அவன் மடங்கினான். சத்தம் வரவில்லை. துடுப்பு மறுபடி மேலே போய்விட்டது. அப்போதுதான் முதல் அடியின் சத்தம் எனக்கு வந்தது, ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல. துடுப்பு இரண்டாவது முறை இறங்கியது. மௌனம். தூக்கினான். சத்தம். அண்ணனின் நண்பன் உப்பு வாரும் பலகையை நீளக் கம்போடு சுழற்றினான். அது ஒருவன் வாயில் பட்டது; அவன் உட்கார்ந்தான்; உட்கார்ந்த பிறகு எனக்கு அவன் கத்துவது கேட்டது.

நான் ஓடியிருக்க வேண்டும். நின்றுவிட்டேன். அங்கே ஒருவனின் எலும்பு உடைந்துகொண்டிருக்க, நான் அடி விழுவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, கொஞ்சம். ஒவ்வொரு அடிக்கும் அதே அளவு. ஒன்று, இரண்டு, கொஞ்சம்.

வெடியும் அப்படித்தானே வந்திருக்கும். அந்தக் கோடியில் வெடி வெடித்து, அவள் ஓடத் தொடங்கி இரண்டு நொடிக்கு மேல் ஆன பிறகுதான் சத்தம் என் காதுக்கு வந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். புகையைப் பார்த்து அழுத்தியிருக்க வேண்டும். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவள் உண்மையில் ஓடியது இரண்டு நிமிடம் பதினொன்றரை. அவளுக்கு அது நல்ல நேரம்தான். ஆனால் டூ நைன் என்று ஒன்று எங்கள் ஊரில் யாரும் ஓடவே இல்லை.

அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. குப்பத்து இளைஞன் ஒருவனுக்கு இரண்டு பல் போனது. போலீஸ் வந்து இரண்டு பக்கமும் எழுதி வாங்கிக்கொண்டு போனது. அன்று மாலையே, கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அண்ணன் தங்கையை ஓட வைத்தான். "என் எலும்புக்கு நீதான்டீ பதில் சொல்லணும்" என்று அவன் கத்தியது ரோடு வரை கேட்டது.

இல்லாத ஒரு நேரத்தைத் துரத்தி அவள் கால் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நான். ஒரு வார்த்தை போதும். உப்பளத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் அவர்களிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் குப்பத்துக்குத் தெரியும். துடுப்பு இறங்கியதைப் பார்த்தவன் நான். திங்கள் போனது. செவ்வாய் போனது. ஜன்னல் வழியாக அவள் நொண்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவதைப் பார்ப்பேன்; திண்டிவனம் வண்டியின் நேரத்தை எழுதுவேன். முதலில் குப்பத்தில் சொல்லி அவர்களைச் சமாதானம் செய்துவிட்டு இங்கே சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு வரிசை போட்டுக்கொண்டேன். அந்த வரிசையை நடத்த எட்டு நாள் ஆயிற்று.

மறு திங்கட்கிழமை மதியம் மாமனைப் பார்க்கப் போனேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், கூட நான்கைந்து பேர்.

"இன்னா டைம் கீப்பரே, பஸ்ஸு கடலுக்குள்ள பூந்துடுச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நம்ம பொண்ணு டைம்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டு செகண்டு கம்மியா எழுதிட்டேன்."

சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா?"

"நானேதான்."

"நீயே சொல்றியா, உப்பளத்தான் பிரியாணி போட்டுச் சொல்லச் சொன்னானா?"

"இல்லைங்க. வெடி அந்தக் கோடியில வெடிச்சுது. நான் இந்தக் கோடியில. சத்தம் வந்து சேர்றதுக்கு நேரம் ஆவும்."

அவர் எழுந்தார். "சத்தம் வர்றதுக்கு நேரம் ஆவுமா? இந்தா, இது எப்ப வருதுன்னு பாரு."

வலது கை. உடனே வந்தது. கீழ் வரிசைப் பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி ரோட்டுப் பக்கம் தள்ளினார்கள். செவ்வாயும் புதனும் வாய் வீங்கி, பேச முடியவில்லை என்று வீட்டில் இருந்தேன். பேசத்தான் முடியவில்லை. எழுத முடியும். எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆறில் நான்காவது நானூறில், உப்பளத்துப் பெண்ணின் கால் முறிந்தது. பைக்கில் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்: காய்ந்த விறகை முழங்காலில் வைத்து உடைக்கிற சத்தம், அதற்குப் பிறகும் அவள் மூன்று அடி ஓடினாள், மூன்றாவதில் பாதம் வேறு பக்கம் பார்த்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே காலுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, "பாருங்கண்ணா, டூ நைன் வந்துடுமாட்டம் இருந்துச்சு" என்றான். அங்கே என்னால் சொல்ல முடியவில்லை.

ஊருக்குத் திரும்பி, ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதி, பஸ் நேரங்கள் ஒட்டுகிற பலகையில் ஒட்டினேன். யாருடைய தவறு, எப்படி நடந்தது, சரியான நேரம் எவ்வளவு, அடியில் என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலை குப்பத்துக்காரர்கள் கூட்டமாக வந்து பஸ் ஸ்டாண்டில் என் ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து குப்பத்துப் பெண் முன்னால் வந்தாள். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "காட்டுங்க" என்றாள். மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ வெடியை எடுத்துக்கினு அந்தாண்ட போ மாமா" என்றாள்.

பாதைக்குப் போனோம். மாமன் அந்தக் கோடியில் திரி கொளுத்தினார். வாட்ச் அவள் கையில். புகை எழுந்ததும் அழுத்தினாள், சத்தம் வந்ததும் அழுத்தினாள். இரண்டு நொடியும் பத்தில் மூன்றும். மறுபடி. இரண்டும் பத்தில் நான்கும். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு வாட்சை என்னிடம் கொடுத்தாள். ஒட்டுப்போட்டு மறுபடி நிமிர்த்தி வைத்திருந்த ஃப்ளெக்ஸிடம் போனாள். மீன் அறுக்கிற கத்தியை யாரோ பைக்கில் வைத்திருந்தார்கள். தன் படத்தைத் தொடவில்லை. எண்ணை மட்டும் நான்கு பக்கமும் குத்தி, அறுத்து, பிய்த்து எடுத்து உப்புத்தண்ணீரில் மிதித்தாள். முழங்கால் வரை சேறாகும் மட்டும் மிதித்தாள்.

"அவ காலு உடைஞ்சது எனக்காவா, உங்களுக்காவா சார்?" என்று கேட்டாள். கத்தியைப் பைக்கில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மாமன் என் வாயைப் பார்த்தார். "பல்லுக்கு இன்னா பண்றது" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. குப்பத்துப் பெண் இரண்டு நிமிடம் பதினொன்றரையில் வந்தாள். மூன்றாம் இடம். இரண்டாவதாக வந்தவள் பதினொன்று புள்ளி இரண்டு.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உப்பளத்துப் பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் தொடையிலிருந்து கட்டு. பலகையில் ஒட்டிய தாளை அண்ணன் போனில் படமெடுத்து வந்து காட்டியிருக்கிறான். அவன் இப்போது வராந்தாவில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், என்னை உள்ளே விட்டது சரியா என்று யோசிக்கிறவன் போல நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அதுவும் முஷ்டியாக இருந்தது.

"செகண்ட் வந்தவ எவ்ளோ?" என்றாள்.

"டூ லெவன் டூ."

"நான் டென் நைன்ல ஓடியிருந்தா?"

"செலக்ட் ஆகியிருப்ப."

"டூ நைன் தேவையே இல்ல."

"தேவையே இல்ல."

அவள் கட்டின் விளிம்பை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ ஒரு மாசமா நான் யாரைத் துரத்திக்கினு இருந்தேன் சார்?"

மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மறுபடி ஓட முடியுமா என்று டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எலும்பு சேரட்டும்னாரு. அவ்ளோதான் சொன்னாரு." பிறகு, "நோட்டு வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

எப்போதும் வைத்திருப்பேன். எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீங்களே எழுதுங்க. உங்களுக்கு எந்தக் கிழமை தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை. உங்க அண்ணனை அடிச்ச அன்னிக்கு."

"எந்தக் கிழமை என் காலு போச்சு?"

"வியாழன்."

"நடுவுல எத்தினி நாள்?"

பதினொன்று என்றேன். தெரிந்த நாள் ஞாயிறு, கால் முறிந்த நாள் மறுவாரம் வியாழன், இடையில் பதினொரு நாள் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் எழுதியதில்லை. எழுதி முடித்து நோட்டை அவள் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வராந்தாவில் அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"தப்பு" என்றாள்.

"ஞாயிறுலேந்து எண்ணிப் பாரு. பதினொண்ணுதான்."

"அந்த ஞாயிறு சாயந்தரம் நான் ஆறு ரவுண்டு ஓடினேன். உங்களுக்குத் தெரிஞ்சப்புறம் ஓடினேன். அதை ஏன் விட்டீங்க?"

பதினொன்றை அடித்தேன். மேலே பன்னிரண்டு என்று எழுதினேன். அவள் கையை நீட்டி, பேனாவை என்னிடமிருந்து பிடுங்கி, அடித்த இடத்தின் மேல் இன்னொரு கோடு போட்டாள். தாள் கிழிந்தது.